தோல் எங்கே விடுகிறது: கொப்புளத்தின் ஆழமும் செல்களின் பிணைப்பும்

கொப்புளம் ஒன்றை விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்ததுமே தோல் மருத்துவருக்குப் பாதி விஷயம் பிடிபட்டுவிடும். கூரை மெலிந்து தொளதொளவென்று கிடந்து, துணி பட்டாலே கிழிந்து பச்சைப்புண்ணாகிறது என்றால், தோல் விட்டிருப்பது மேல்தோலுக்கு உள்ளேயே. நீர் கோத்து விறைப்பாக நின்று, நாள்கணக்கில் உடையாமல் இருக்கிறது என்றால், மேல்தோல் முழுவதும் ஒரே தகடாக உள்தோலை விட்டு எழும்பியிருக்கிறது. உடம்பின் பெரும்பகுதியில் மேல்தோலின் கனமே ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான். அந்தக் கனத்துக்குள் பிளவு சற்று மேலே விழுகிறதா, கீழே விழுகிறதா என்பதில் நோயின் பெயர், மருந்து, தழும்பு விழுமா விழாதா என்பதெல்லாம் அடங்கியிருக்கிறது.

இது புரிய வேண்டுமானால், செல்கள் ஒன்றையொன்று எப்படிப் பிடித்துக்கொள்கின்றன என்று முதலில் பார்க்க வேண்டும். செல்லைச் செங்கல்லாகவும், நடுவே ஏதோ சாந்து இருப்பதாகவும் வரைந்த பாடநூல் படமே பலர் மனத்தில் நிற்கிறது. அந்தப் படம் தவறான எண்ணத்தைத் தருகிறது. சாந்து செங்கல்லின் மேற்பரப்பில் ஒட்டினால் போதும். செல்லின் மேற்பரப்போ எண்ணெய்ப் படலம் போன்ற கொழுப்புச் சவ்வு. அதை மட்டும் பிடித்து இழுத்தால் சவ்வுதான் பிய்ந்து வரும். அதனால் உறுதியான ஒவ்வொரு பிணைப்பும் சவ்வைத் துளைத்து உள்ளே போய், செல்லுக்குள் ஓடும் புரத இழைகளில் கட்டப்பட்டிருக்கிறது. வெளியே கொக்கி, சவ்வுக்கு அடியில் முடிச்சு, உள்ளே கயிறு. மூன்றில் எது போனாலும் தோல் விடும். எது போயிற்று என்பதைப் பொறுத்து விடும் இடம் மாறும்.

கொக்கியும் கயிறும்

கொக்கிகளில் முக்கியமானவை இரண்டு குடும்பங்கள். பக்கத்துச் செல்லைப் பிடிப்பவை கேடரின்கள். செல்லுக்கு வெளியே இருக்கும் புரதப் பின்னலைப் பிடிப்பவை இன்டெக்ரின்கள். கயிறும் இரண்டு விதம். ஆக்டின் மெல்லியது; சுருங்கி இழுக்கக்கூடியது. கெரட்டின் சற்றுத் தடித்தது. இழுவையைத் தாங்கி நீளக்கூடியது. தோலின் வலு பெரும்பாலும் கெரட்டினில் கட்டிய பிணைப்புகளில்தான் இருக்கிறது. பக்கத்துச் செல்லோடு கெரட்டினை இணைப்பது டெஸ்மோசோம். மேல்தோலுக்கு அடியில் விரிந்திருக்கும் அடித்தளச் சவ்வோடு கெரட்டினை இணைப்பது ஹெமிடெஸ்மோசோம்.

டெஸ்மோசோமை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், இரண்டு செல்களின் சவ்வுக்கு அடியிலும் எதிரெதிராக ஒட்டிய இரண்டு கரிய தட்டுகள் போலத் தெரியும். ஒரு தட்டின் அகலம் அரை மைக்ரோமீட்டருக்கு மேல் போவது அரிது. நடுவே 30 நானோமீட்டர் அளவில் இடைவெளி. அந்த இடைவெளியை இருபுறமிருந்தும் நீண்டு வந்து நிரப்புபவை டெஸ்மோக்ளீன், டெஸ்மோகாலின் என்ற இரண்டு கேடரின்கள். தட்டுக்குள் அவற்றின் வாலைப் பிடித்திருப்பவை பிளாக்கோக்ளோபினும் பிளாக்கோஃபிலினும். அவற்றைக் கெரட்டினோடு கட்டுவது டெஸ்மோபிளாக்கின். சாதாரண நுண்ணோக்கியிலும் இதன் வேலையைப் பார்க்கலாம். மேல்தோலின் நடு அடுக்குக்கு முள் அடுக்கு என்று பெயர். உயிருள்ள தோலில் அங்கே முள் எதுவும் கிடையாது. வெட்டி எடுத்த தோலை மெழுகில் பதிக்கும்போது செல்கள் சுருங்குகின்றன. டெஸ்மோசோம் உள்ள இடங்கள் மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு செல்லும் சுற்றிலும் முள் முளைத்தது போல ஆகிவிடுகிறது. செல்லின் உடல் சுருங்கி விலகிய பிறகும் பிடிப்பு விடவில்லை என்பதற்கு அந்த முட்களே சாட்சி.

இதே டெஸ்மோசோம் இதயத் தசைச் செல்களையும் பிடித்து வைக்கிறது. கிரேக்கத்தின் நாக்ஸோஸ் தீவில் முதலில் விவரிக்கப்பட்ட ஒரு பரம்பரை நோயில் பிளாக்கோக்ளோபின் மரபணு பழுதாகியிருக்கும். குழந்தைக்குக் கம்பளி போன்ற சுருட்டை முடி, உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்த தோல், வளர்ந்த பின் உயிரைப் பறிக்கும் இதயத்துடிப்புக் கோளாறு. முடியையும் கையையும் பார்த்த உடனே ஈசிஜி எடுக்கச் சொல்ல வேண்டிய நோய் இது. ஒரே முடிச்சு மூன்று இடத்தில் அவிழ்கிறது.

கால்சியம் இல்லையேல் கேடரின் இல்லை

கேடரினின் வெளிப்பகுதி மணிமாலை போல ஐந்து துண்டுகள் கோத்தது. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே மூன்று கால்சியம் அயனிகள் உட்கார்ந்து மாலையை விறைப்பாக நிறுத்துகின்றன. கால்சியத்தை எடுத்துவிட்டால் மாலை தொய்ந்துவிடும், எதிர்ச் செல்லின் கேடரினைப் பிடிக்காது. போதாதற்கு, தொய்ந்த கேடரினைப் புரதம் வெட்டும் நொதிகள் எளிதாக வெட்டிவிடும். கால்சியம் உள்ளபோது அதே நொதி தொடவும் முடியாது.

இதைக் கண்டுபிடித்த விதம் சுவையானது. ஜப்பானின் கியோத்தோவில் செல்களைப் பிரித்து மீண்டும் ஒட்டவைக்கும் சோதனைகளைச் செய்துவந்தவர் மசாதோஷி தகேய்ச்சி. 1970களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள ஆய்வகத்துக்குப் போய் அதே சோதனையைச் செய்தபோது, பிரித்த செல்கள் மீண்டும் ஒட்ட மறுத்தன. தேடியதில், அந்த ஆய்வகத்தில் செல்களைப் பிரிக்கப் பயன்படுத்திய, புரதம் வெட்டும் நொதியான டிரிப்சின் கரைசலில் கால்சியத்தைக் கவ்விப் பிடிக்கும் ஈடிடிஏ கலந்திருந்தது தெரியவந்தது. ஊரில் அவர் பயன்படுத்தியதில் அது கிடையாது. கால்சியம் இருந்தால் நொதியிலிருந்து தப்பிக்கும், இல்லாவிட்டால் அழிந்துபோகும் ஒரு பிடிமானப் பொருள் செல்லின் மேல் இருக்கிறது என்று 1977இல் அவர் எழுதினார். பின்னால் அதற்குத்தான் கேடரின் என்று பெயர் வைத்தார்.

மேலிருந்து கீழே, ஐந்து பிளவுகள்

இனித் தோலுக்குத் திரும்பலாம். மேல்தோலின் டெஸ்மோசோம்களில் டெஸ்மோக்ளீன் 1, டெஸ்மோக்ளீன் 3 என்று இரண்டு வடிவங்கள் முக்கியம். 1 எல்லா அடுக்கிலும் உண்டு என்றாலும் மேலே போகப் போக மிகுதி. 3 கீழ் அடுக்குகளில் மட்டும். வாயின் உட்பரப்பிலோ பெரும்பாலும் 3தான். இந்தப் பங்கீட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மூன்று நான்கு நோய்கள் தாமாகவே விளங்கிவிடும்.

குழந்தைகளுக்கு வரும் கொப்புளச் சிரங்கில், ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியா சுரக்கும் ஒரு நச்சு டெஸ்மோக்ளீன் 1ஐ மட்டும், அதுவும் ஒரே இடத்தில், வெட்டுகிறது. மேல் அடுக்கில் ஈடுகொடுக்க 3 இல்லாததால் தோல் அங்கே உரிகிறது. நச்சு இரத்தத்தில் கலந்தால் கைக்குழந்தையின் உடம்பெங்கும் வெந்நீர் பட்டது போலத் தோல் கழன்று வரும். வாய் மட்டும் தப்பிவிடும். அங்கே பிடித்திருப்பது 3. பிளவு மேலே என்பதால், கிருமிக்கு மருந்து கொடுத்து நீர்ச்சத்தைக் காப்பாற்றினால் தழும்பில்லாமல் ஆறும்.

பெம்ஃபிகஸ் வல்காரிஸ் நோயில் வெட்டுவது கிருமி இல்லை. உடம்பின் நோயெதிர்ப்புப் புரதங்களே (எதிர்ப்புரதங்கள்) டெஸ்மோக்ளீன் 3 மேல் போய் உட்காருகின்றன. தொடக்கத்தில் 3 மட்டும் தாக்கப்படும்போது தோலை 1 காப்பாற்றிவிடும், வாய் மட்டும் புண்ணாகும். பலருக்கு மாதக்கணக்கில் வாய்ப்புண் என்றே வைத்தியம் நடப்பது இதனால்தான். பிறகு 1க்கும் எதிர்ப்புரதம் உண்டானதும் தோலிலும் கொப்புளம் கிளம்பும். நுண்ணோக்கியில் கீழ் வரிசைச் செல்கள் மட்டும் அடித்தளத்தில் நட்ட கற்கள் போல வரிசையாக நிற்கும். பக்கத்துச் செல்லின் பிடி விட்டுப்போயிருந்தாலும் தரையின் பிடி விடவில்லை. 1க்கு மட்டும் எதிர்ப்புரதம் உண்டாவது பெம்ஃபிகஸ் ஃபோலியேசியஸ். அதில் வாய் பாதிப்பதில்லை, பிளவும் மேலேயே விழும். அந்த நோய் உள்ள தாயின் எதிர்ப்புரதம் தொப்புள்கொடி வழியே போனாலும் குழந்தை பெரும்பாலும் நலமாகவே பிறக்கும். பிறந்த குழந்தையின் தோலில் எல்லா அடுக்கிலும் 3 இருப்பதே காரணம்.

நோயை உறுதிப்படுத்தும்போது அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. இரண்டு துண்டு தோல் எடுக்க வேண்டும். புதிய சிறு கொப்புளத்தின் ஓரத்திலிருந்து எடுத்த துண்டு ஃபார்மலினில் போக வேண்டும். கொப்புளத்துக்குப் பக்கத்தில் நல்லபடியாக இருக்கும் தோலிலிருந்து எடுத்த இன்னொரு துண்டு, ஒளிர்சாய ஆய்வுக்கு, மிஷெல் கரைசலிலோ, ஒரு நாளுக்குள் ஆய்வகம் போய்ச் சேருமானால் சாதாரண உப்பு நீரிலோ போக வேண்டும். இரண்டையும் ஒரே ஃபார்மலின் குப்பியில் போட்டால் எதிர்ப்புரதத்தை ஒளிரச் செய்ய முடியாமல் போய்விடும். நோயாளிக்கு இன்னொரு முறை வெட்டு. சரியாக எடுத்த துண்டில் செல்லைச் சுற்றிச் சுற்றி மீன்வலை போலப் பச்சை ஒளி தெரியும்.

சிகிச்சையில் இந்தியாவுக்குத் தனி வரலாறு உண்டு. 1980களில் டெல்லி எய்ம்ஸில் ஜே. எஸ். பஸ்ரிச்சா வகுத்த முறையில், 28 நாளுக்கு ஒரு முறை, அடுத்தடுத்து மூன்று நாள் 100 மி.கி. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு சிரை வழி ஏறும். அதில் ஒரு நாள் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் சேரும். இன்று ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து பெரும்பாலும் அந்த இடத்துக்கு வந்துவிட்டது. தோல் உரிந்த நோயாளியைத் துணி விரிப்பில் கிடத்தினால் புண்ணில் ஒட்டிப் பிடுங்கும் என்பதால், வாழை இலையில் கிடத்துவது நம் மருத்துவமனைகளின் பழைய வழக்கம். மெழுகு பூசிய வழுவழுப்பான பரப்பு, விலை குறைவு, குளிர்ச்சி. நன்றாகச் சுத்தப்படுத்திப் பயன்படுத்தினால் இன்றும் அது நல்ல ஏற்பாடுதான்.

மூன்றாவது பிளவு, செல்லுக்கு உள்ளேயே விழுவது. கீழ் வரிசைச் செல்லின் கெரட்டின் 5, கெரட்டின் 14 ஆகிய கயிறுகள் பிறவியிலேயே பழுதாக இருந்தால், கொக்கிகள் எல்லாம் சரியாக இருந்தும் செல்லே நடுவில் கிழியும். எபிடெர்மோலிசிஸ் புலோசா சிம்ப்ளெக்ஸ் என்பது அது. லேசான வகையில் உள்ளங்காலும் உள்ளங்கையும் மட்டும் கொப்பளிக்கும், வெயில் காலத்தில் மோசமாகும்.

அதற்கும் கீழே ஹெமிடெஸ்மோசோம். ஆல்ஃபா6பீட்டா4 என்ற இன்டெக்ரினும் கொலாஜன் 17உம் செல்லிலிருந்து கீழே நீண்டு, அடித்தளச் சவ்வில் உள்ள லாமினின் 332ஐப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. முதியவர்களுக்கு வரும் புல்லஸ் பெம்ஃபிகாய்டில் எதிர்ப்புரதம் கொலாஜன் 17 மேல் விழுகிறது. மேல்தோல் முழுக் கனத்தோடு எழும்புவதால்தான் கொப்புளம் விறைப்பாக நிற்கிறது. சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் கிளிப்டின் மருந்துகள், குறிப்பாக வில்டாகிளிப்டின், இந்த நோயைக் கிளப்பிவிடுவது உண்டு. வயதானவருக்கு ஓயாத அரிப்பும் விறைத்த கொப்புளமும் வந்தால், மாத்திரைப் பட்டியலைப் பார்க்காமல் மருந்து எழுதக் கூடாது. பிளவு எந்தத் தளத்தில் என்று ஐயம் வந்தால் ஆய்வகத்தில் அழகான ஒரு வழி இருக்கிறது: இயல்பான தோலை 1 மோலார் உப்புக் கரைசலில் ஊறவைத்தால் அது அடித்தளச் சவ்வுக்குள்ளேயே சீராகப் பிரியும். நோயாளியின் இரத்தத்தில் உள்ள எதிர்ப்புரதம் மேல்பாதியில் ஒட்டினால் பெம்ஃபிகாய்டு. கீழ்ப்பாதியில் ஒட்டினால் அதற்கும் ஆழத்தில் உள்ள கொலாஜன் 7ஐத் தாக்கும் நோய் என்று எண்ண வேண்டும்.

அந்தக் கொலாஜன் 7தான் கடைசிக் கொக்கி. அடித்தளச் சவ்விலிருந்து வளையமாக இறங்கி, உள்தோலின் தடித்த கொலாஜன் இழைகளைச் சுற்றி வளைத்துத் திரும்பும் நங்கூரம். பிறவியிலேயே இது இல்லாத குழந்தைக்குப் பிளவு உள்தோலின் பக்கம் விழுவதால் ஒவ்வொரு புண்ணும் தழும்பாகிறது. தழும்பு மேல் தழும்பாகி விரல்கள் ஒட்டிக் கையுறை போலாகும். இளம் வயதிலேயே அதில் தோல் புற்றும் வரும். இந்தக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்கள் தெரிந்திருக்க வேண்டியவை எளியவை: ஒட்டும் பிளாஸ்திரி எதுவும் தோலில் படக் கூடாது. குழந்தையின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது, கீழே கை கொடுத்து மெத்தையோடு எடுக்க வேண்டும். உடுப்பைத் தையல் வெளியே வரும்படி திருப்பிப் போட வேண்டும். கொப்புளத்தைத் தானாக விட்டால் நீரின் அழுத்தத்தில் ஓரம் ஓரமாகப் பெருகும். தூய ஊசியால் தாழ்ந்த பக்கத்தில் குத்தி நீரை வடிய விட வேண்டும், கூரையை உரிக்கக் கூடாது. 2023இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஒரு மருந்து, கொலாஜன் 7 மரபணுவை ஹெர்ப்பிஸ் வைரஸில் ஏற்றிப் புண் மேல் சொட்டுச் சொட்டாக விடுவது.

கொக்கி பிடிக்கும் தரை

தரை என்று இதுவரை சொன்னது செல்கள் தாமே நெய்து வெளியே விரித்த புரதப் பின்னல். அதில் முதலிடம் கொலாஜனுக்கு. ஏறத்தாழ ஆயிரம் அமினோ அமிலம் நீளமுள்ள மூன்று சங்கிலிகள், அந்த அமிலங்களில் மூன்றில் ஒன்று கிளைசீனாக, ஒன்றையொன்று சுற்றி 300 நானோமீட்டர் நீளத்துக்கு முறுக்கிய கயிறு அது. இந்த மூவிழை முறுக்கைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் வெளியிட்டார்கள். எக்ஸ்ரே படத்துக்கு உதவிய தசைநாண் கங்காருவின் வாலிலிருந்து வந்தது. கொடுத்து உதவியது அடையாறில் உள்ள தோல் ஆராய்ச்சி நிலையம். தோல் பதனிடுவதும் கொலாஜனைக் கெட்டிப்படுத்துவதுதான் என்பதால் அந்த உறவு தற்செயலானதல்ல.

முறுக்கு கழலாமல் நிற்க, சங்கிலியில் உள்ள புரோலின்களில் பலவற்றுக்கு ஒரு ஹைட்ராக்சில் சேர வேண்டும். அதைச் சேர்க்கும் நொதிக்கு வைட்டமின் சி தேவை. சேராத கொலாஜன் 24 டிகிரி செல்சியஸிலேயே குலைந்துவிடும். உடம்பின் சூடு 37. வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வியில் ஈறு வீங்கி இரத்தம் கசிவதும், ஆறிப்போன பழைய தழும்பு மீண்டும் பிளப்பதும் இதனால்தான். தழும்பின் கொலாஜன் அன்றாடம் அழிந்து புதிதாக வருவது. புதியது நிற்காவிட்டால் பழைய காயம் திறந்துவிடும்.

இன்டெக்ரின்கள் மனிதரில் 24 இணைகள். அவற்றில் பல, ஃபைப்ரோனெக்டின் போன்ற புரதங்களில் உள்ள ஆர்ஜினின், கிளைசீன், அஸ்பார்டிக் அமிலம் என்ற மூன்றே எழுத்தைத் தேடிப் பிடிக்கின்றன. 1984இல் இது தெரியவந்தது. பிடி கிடைத்தால் அது உள்ளே செய்தியாகவும் போகிறது. தரை கிடைக்காத மேல்தோல் செல் தானாகவே செத்துவிடுகிறது. தரையிலிருந்து கழன்ற செல் கண்ட இடத்தில் குடியேறாமல் இருக்க உடம்பு வைத்திருக்கும் காவல் அது. பரவும் புற்று முதலில் உடைப்பது இந்தக் காவலைத்தான்.

வலுவுக்கு இல்லாத வேறு இரண்டு பிணைப்புகளையும் சொல்லிவிட வேண்டும். கிளாடின் புரதங்களால் ஆன இறுக்குப் பிணைப்பு, செல்களுக்கு இடையே நீர் கசியாமல் தைத்துவிடுகிறது. கிளாடின் 1 இல்லாமல் பிறந்த எலிக்குட்டி உடம்பு நீர் வற்றி ஒரு நாளுக்குள் இறந்துவிடும். கனெக்சின் புரதங்கள் ஆறாறாகக் கூடிச் செய்யும் குழாய்ப் பிணைப்போ, ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குச் சிறு மூலக்கூறுகளைக் கடத்துகிறது. கனெக்சின் 26 பழுதானால் பிறவிச் செவிட்டுத்தன்மை.

தட்டிலிருந்து செல்லைக் கழற்றும்போது

மேலே சொன்ன எல்லாவற்றையும் செல் வளர்க்கும் ஆய்வகத்தில் நாள்தோறும் கண்ணால் பார்க்கலாம். தட்டில் ஒட்டி வளர்ந்த செல்களைக் கழற்ற, முதலில் கால்சியமும் மக்னீசியமும் இல்லாத உப்புக் கரைசலால் இரண்டு முறை கழுவ வேண்டும். வளர்ப்பு ஊடகத்தில் மீந்துபோன சீரத்தில் கால்சியமும் உண்டு, டிரிப்சினை முடக்கும் புரதமும் உண்டு. கழுவாமல் டிரிப்சினை ஊற்றிவிட்டு அது சரியில்லை என்று சொல்பவர்கள் ஏராளம். பிறகு 0.05 முதல் 0.25 சதவீத டிரிப்சினோடு ஈடிடிஏ, 37 டிகிரியில் 2 முதல் 5 நிமிடம். ஈடிடிஏ கேடரினையும் இன்டெக்ரினையும் தளர்த்தும், டிரிப்சின் வெட்டும். செல்கள் உருண்டையாகி ஆடத் தொடங்கியதும் சீரம் கலந்த ஊடகத்தை ஊற்றி நிறுத்த வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று பத்து நிமிடம் விட்டால் கொக்கிகள் அறுபட்டு, செல் செத்து, அதன் டிஎன்ஏ கசிந்து எல்லாம் பிசினாகத் திரளும். திரளைப் பார்த்து இன்னும் டிரிப்சின் ஊற்றுவது அடுத்த தவறு. சரியாகக் கழற்றிய செல்லும் அறுந்த கொக்கிகளைப் புதிதாகச் செய்து வைக்கச் சில மணி நேரம் எடுக்கும். மேற்பரப்புப் புரதத்தை அளக்க நினைப்பவர் அதுவரை காத்திருக்க வேண்டும்.

செல்களைத் தனித்தனியாக இல்லாமல் ஒரே தகடாக எடுக்க வேண்டுமானால் நொதியை மாற்ற வேண்டும். டிஸ்பேஸ் என்ற நொதி தரையில் உள்ள ஃபைப்ரோனெக்டினையும் கொலாஜன் 4ஐயும் வெட்டும். கால்சியம் இருக்கும்வரை கேடரினைப் பெரிதும் விட்டுவிடும். தட்டின் ஓரத்திலிருந்து மேல்தோல் மெல்லிய சவ்வாகச் சுருண்டு எழும்பும். பெம்ஃபிகஸ் ஆய்வில் இந்தச் சவ்வைக் குழாயில் இட்டுக் குலுக்கி, எத்தனை துண்டாகிறது என்று எண்ணுவார்கள். நோயாளியின் எதிர்ப்புரதம் பட்ட சவ்வு பொடிப்பொடியாகும்.

இப்படி வளர்த்தெடுத்த மேல்தோலைக் கொண்டு 2015இல் ஜெர்மனியின் போக்கும் நகரில் ஒரு குழந்தையைக் காப்பாற்றினார்கள். ஏழு வயதுச் சிறுவன். லாமினின் 332இன் ஒரு சங்கிலி பழுதானதால் உடம்பின் பெரும்பகுதியில் தோல் இல்லை. கொப்பளிக்காத இடத்திலிருந்து 4 சதுர சென்டிமீட்டர் தோல் எடுத்து, இத்தாலியின் மோதெனாவில் மிக்கேலே தெ லூக்காவின் குழு சரியான மரபணுவைச் செல்களில் ஏற்றித் தகடுகளாக வளர்த்துக் கொடுத்தது. உடம்பின் 80 சதவீதப் பரப்பு மாற்றப்பட்டது. மேல்தோல் ஒரு மாதம் போல ஆனதும் உதிர்ந்து புதுப்பிக்கப்படுவது. ஒட்டிய தகடு நிலைக்க வேண்டுமானால், அதில் இருந்த சிறுபான்மைத் தண்டுச் செல்கள் புதிய லாமினினைத் தாமே சுரந்து, அதை இன்டெக்ரினால் பிடித்து அடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். 2017இல் வெளியான அறிக்கையில் அதையே அவர்கள் காட்டினார்கள்: 21 மாதம் கழித்தும் அந்தத் தோல் இழுத்தால் விடவில்லை, உரசினால் கொப்பளிக்கவில்லை, முழுத் தோலையும் புதுப்பித்துக்கொண்டிருந்தவை தரையைப் பிடித்து நின்ற அந்தச் சில செல்களின் வழிவந்தவையே.